பெருவிரலால் அளந்தவர்

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய வலக்கைப் பெருவிரல். முகம் அதற்குப் பிறகுதான் வரும். பெயரை எழுத மாட்டேன். அவருடைய மகள் இதே ஊரில் டிராம் ஓட்டுகிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வரிசையாக நிற்கிற எதைக் கண்டாலும் அவர் பெருவிரலை அதன் தலைமேல் வைத்து, ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போவார். என் இளைய மகனின் கல்யாணத்தில் மண்டபத்து மேசையில் சர்பத் கிளாஸ் அடுக்கி வைத்திருந்தோம். வந்த மனிதர் மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்கப் போகவில்லை. நேரே மேசைக்குப் போய் கிளாஸ் விளிம்புகளில் விரலை ஓட்டினார். நடுவில் ஒன்றில் விரல் நின்றது. அதைத் தூக்கித் தனியே வைத்தார்.

“என்ன தம்பி, அதுக்குள்ளை இலையான் விழுந்து செத்துக் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“இல்லை அக்கா. இது வேறை செட். ஒரு மயிரளவு உயரம்.”

“குடிக்கிறவைக்குத் தொண்டையிலை அளவுகோல் இல்லை. திரும்ப வையும்.”

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் கிளாஸைத் திரும்ப வைக்கவில்லை.

சுவிஸில், பூம்ப்ளிஸ் என்கிற இடத்தில் நாங்கள் இருந்தது ஒரே கட்டடம். அவர் எனக்கு நேர் மேல்வீடு. மன்னார் ஆள், வேதக்காரர். நான் சைவம். நிலத்துக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கெல்லர் உண்டு. மரச்சட்டம் அடித்த கூண்டு மாதிரி இருக்கும். பக்கத்துக் கூண்டில் என்ன கிடக்கிறது என்று சட்டத்துக்கு இடையால் பார்க்கலாம். என்னுடையதில் அரிசி மூட்டை, ஊறுகாய்ப் போத்தல், விசேஷத்துக்கு எடுக்கிற பெரிய பானை. அவருடையதில் ஒரு வேலைமேசை. மேசையில் இறுக்கிப் பூட்டிய ஒரு இரும்பு அழுத்தி. அதன் நீளக் கைப்பிடியை இழுத்தால், நோயாளி புரண்டு படுக்கிற மாதிரி ஒரு முனகல் கேட்கும். அவர் அங்கே கைத்துவக்குக்குப் போட்டுச் சுடுகிற ரவை செய்கிறார் என்று தெரிந்த அன்று, நான் அரிசி எடுக்காமலே மேலே ஏறிவிட்டேன்.

துவக்குச் சத்தத்துக்குப் பயந்து பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தவள் நான். என் அரிசிக்குப் பக்கத்தில் ஒருவர் ரவை அடுக்கினால் சும்மா இருப்பேனா? மறுநாள் படியில் மறித்துக் கேட்டேன்.

“உமக்கென்ன விசரோ? இதுக்கோ இவ்வளவு தூரம் ஓடி வந்தனீர்?”

அவர் கோபிக்கவில்லை. தான் கடைசல் வேலை செய்த பட்டறையில் மேலாளராக இருந்த சுவிஸ்காரர் ஒருவர்தான் சுடுகிற கழகத்துக்குத் தன்னைக் கூட்டிப்போனார் என்றார். சுவிஸ்காரரின் சிவப்புப் பாஸ்போட் கிடைத்த பிறகுதான் துவக்கைத் தொட்டேன், எல்லாம் சட்டப்படிதான், கட்டடம் பார்க்கிறவருக்கும் தெரியும் என்றார். இப்போது தன் கை நடுங்குவதால் மகள்தான் சுடுகிறாள், தான் செய்து மட்டும் கொடுக்கிறேன் என்றார்.

“கடையிலை விக்கிறதை வாங்கினா என்ன?”

படிக் கம்பியில் பெருவிரலை ஓட்டினார்.

“அக்கா, ஊரிலை ஒரு ரவை வந்தா அது ஆர் செய்தது, ஆர் சுட்டது, ஆருக்கெண்டு வந்தது, ஒண்டும் தெரியாது. இதுகள் அப்பிடி இல்லை. ஒவ்வொண்டும் நான் செய்தது. ஒவ்வொண்டும் எங்கை போய் விழுந்தது எண்டு எனக்குத் தெரியும். சுடுற இடத்து மண்மேட்டுக்குள்ளை. வேறை எங்கையும் இல்லை.”

அந்தப் பதில் எனக்கு ஆறுதல் தரவில்லை. ஊரில் அவருக்கு என்ன நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

பழகப் பழகப் பயம் போய்விடுகிறது. அதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று இப்போது நினைக்கிறேன். கீழே எல்லோருக்கும் பொதுவான மெஷினில் என் உடுப்புத் தோய்க்கும் முறை வருகிற நாளில், அது ஓடி முடியுமட்டும் அவருடைய கூண்டு வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு இருப்பேன். அவர் வேலை செய்வார். நான் பார்ப்பேன். படிப்பு எனக்குக் கொஞ்சம்தான், ஆனால் ஒரு கை வேலையைப் பார்த்தால் அது எங்கே பிழைக்கும் என்று விளங்கிக்கொள்ளுவேன்.

சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை மகள் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் அதைத் துப்புரவாக்கி வெடிமருந்து போட்டு, கோதின் வாயில் ஈயச் சன்னம் என்கிற குண்டை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். சன்னம் கோதுக்குள் இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதுதான் முழு வேலையும். முதல் ரவையை மட்டும் வாய் திறந்து மூடுகிற அளவுகோலால் திரும்பத் திரும்ப அளப்பார். சரி வந்ததும் அதை மரப்பலகையின் முதல் குழியில் நிறுத்துவார். அதற்குத் தலைச்சன் என்று பெயர். மற்றதெல்லாம் தலைச்சனுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒரு வரிசை நிறைந்தால் அளவுகோல் இல்லை, பெருவிரல்தான்.

“எல்லாத்தையும் அளந்தா என்ன கை தேயுமோ?”

“தோலுக்குத் தெரியிறது அளவுகோலுக்குத் தெரியாது அக்கா.”

“சரி, ஒண்டு கொஞ்சம் கூடக் கீழை போனா என்ன? வானமோ இடியும்?”

அழுத்தியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். “கோது சின்னது. உள்ளுக்கை மருந்துக்கு மேலை கொஞ்சம் வெறும் இடம் இருக்க வேணும். சன்னம் கீழை போகப் போக அந்த இடம் குறையும். இடம் குறைஞ்சா அமுக்கம் ஏறும். பிறகு துவக்கு கைக்குள்ளையே வெடிக்கும்.”

மழை வரும் போலை என்று சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொன்னார். அவருக்கு ஒரே குரல்தான். சந்தோஷத்துக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான். ஒருமுறை எங்கள் கட்டடத்து சுவிஸ் மனுசி ஒருத்தி, அவருடைய முறை நாளில் தன் உடுப்பைத் தோய்த்துக் கொடியில் காயப் போட்டுவிட்டாள். வேறு யாரும் என்றால் அந்தத் தோய்க்கிற அறையே அதிர்ந்திருக்கும். இவரோ, அவளுடைய உடுப்பெல்லாவற்றையும் கொடியில் ஒரே உயரத்தில் தொங்கும்படி திரும்பக் கொழுவிவிட்டு மேலே போய்விட்டார். அவள் வந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்து என் கதவைத் தட்டினாள். திட்டியிருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

அவருடைய மனுசி செத்தபோதும் அப்படித்தான். பெட்டியைச் சுற்றி மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். ஃபாதர் செபம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். இவர் எழும்பிப் போய், கொளுத்தியிருந்த மெழுகுதிரிகளின் பக்கத்தில் விரலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்து, உயரமாக நின்ற ஒன்றை அணைத்து, சட்டைப்பையிலிருந்த சின்னக் கத்தியால் அடியை வெட்டி, திரும்பக் கொளுத்தி வைத்தார். மகள் அதுவரைக்கும் அழாமல் இருந்தவள். அதைப் பார்த்துத்தான் அழுதாள்.

மெழுகுதிரி என்றதும் இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சன்னத்தையும் அவரே வார்ப்பார். நகரத்துக்கு வெளியே எங்களுக்கு அடுத்தடுத்துத் தோட்டத் துண்டு இருந்தது. கார்ச் சில்லில் பாரத்துக்கு ஒட்டுகிற ஈயத்துண்டுகளை வாங்கி வந்து, தன் துண்டிலிருந்த சின்னக் குடிசை வாசலில் சட்டியில் உருக்குவார்.

“அந்தப் புகை என்ரை பயத்தங்காயிலை படுது. என்ரை பிள்ளையளுக்கு ஈயக்கறி சமைக்கச் சொல்லுறீரோ?” என்று கத்துவேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போவார்.

வார்த்த சன்னத்துக்கு மெழுகு பூச வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் துவக்குக் குழாயில் பிடித்துவிடுமாம். மற்றவர்கள் அதற்கென்று விற்கிற மெழுகை வாங்குவார்கள். இவர் தமிழ்ப் பூசை முடிந்தபிறகு கோவிலில் மிஞ்சுகிற மெழுகுதிரிக் கட்டைகளைக் கேட்டு வாங்கி, தேங்காயெண்ணெய் விட்டுக் காய்ச்சுவார்.

“மாதாவுக்குக் கொளுத்தினதைத் துவக்குக்குப் பூசிறீர். மாதா கேக்க மாட்டாவோ?”

“மிச்சத்தைத்தானே எடுக்கிறன் அக்கா. மிச்சத்தை அவ கேக்க மாட்டா.”

அந்த மெழுகு இளக்கம். அழுத்தியின் வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டித் தடிக்கும். தடித்தால் அடுத்த சன்னத்தை ஒரு துளி கூடுதலாகக் கீழே தள்ளும், அதற்கடுத்ததை இன்னும் ஒரு துளி. அதனால் இடைக்கிடை வாயைத் துடைக்க வேண்டும். எப்போது துடைப்பது என்று அவருக்கு விரல்தான் சொல்லும். வரிசையைத் தடவுவார், ஒரு இடத்தில் விரல் நிற்கும், உடனே துணியை எடுப்பார். நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

மனுசி போன பிறகு சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை நோய், அவரைப் பிடித்துத் தின்றது. தனி மனிதன், நேரத்துக்குச் சாப்பாடில்லை. ஒருநாள் தோட்டத்தில் ஈயச் சட்டியைத் துணி இல்லாமல் தூக்கினார். நான் பயற்றங்கொடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். தோல் கருகுகிற மணம் எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை. சட்டியை ஆறுதலாகக் கொண்டுபோய்க் கல்லில் வைத்தார்.

“தம்பி, கை.”

“என்ன அக்கா?”

“கையைப் பாரும்.”

பார்த்தார். வேறு யாருடையதையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தார். விரல்களின் உள்பக்கம் எல்லாம் வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது. கையை அப்படியே காற்சட்டைப் பைக்குள் விட்டார்.

“பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ.”

வெந்த புண்ணைப் பற்றிச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். அந்தக் கையால் அவர் வேறு என்ன செய்கிறார் என்பது எனக்கு அப்போது ஓடவில்லை.

அது ஓடியது ஒரு சனிக்கிழமை காலையில். அரிசி எடுக்க கெல்லருக்குப் போனேன். மூட்டை நிலத்தில் கிடந்ததால் முழங்காலில் இருந்துதான் அள்ளினேன். மரச்சட்டத்துக்கு இடையால் பார்த்தால், அவருடைய மேசைப் பலகை என் கண்ணுக்கு நேரே. பெட்டியில் கொள்ளாமல் மிஞ்சின ரவைகள் ஒரு வரிசையாகப் பலகையில் நின்றன. முன்னால் தலைச்சன். சின்ன யன்னலால் வந்த வெளிச்சம் எல்லாவற்றின் தலையிலும் பட்டது. தலைச்சனுக்குப் பின்னால் அத்தனையும் படிப்படியாக இறங்கிக்கொண்டு போயின. கடைசியில் நின்றது, கழுத்துப் புதைந்த ஆள் மாதிரி நின்றது.

அரிசியை அங்கேயே விட்டேன். இந்த முழங்காலோடு அந்தப் படியை நான் அப்படி ஏறினதே இல்லை. அவரைக் கீழே கூட்டிவந்து பலகைக்கு முன்னால் நிறுத்தினேன்.

“இதைத் தடவிப் பாரும்.”

தடவினார். தலைச்சனிலிருந்து கடைசிவரை விரல் நிற்காமல் போனது. “சரியாத்தானே இருக்கு.”

“இப்ப குனிஞ்சு பாரும். என்னைப் போலை முழங்காலிலை இருந்து பாரும்.”

இருந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். தோய்க்கிற அறையில் யாருடையதோ மெஷின் தண்ணீர் இறக்குகிற சத்தம் கேட்டது.

“இது மிச்சம் அக்கா,” என்றார். “இதுக்கு முதல் செய்ததெல்லாம் பெட்டிக்குள்ளை. நேற்றுப் பின்னேரம் பிள்ளை வந்து கொண்டு போயிட்டாள்.”

“இண்டைக்குச் சுடுவாளோ?”

“இப்ப சுட்டுக்கொண்டு நிப்பாள்.”

கைபேசியில் அழைத்தார். பதிவு செய்து வைத்த ஒரு பொம்பிளைக் குரல் டொச்சில், ஜெர்மன் பாஷையில், ஏதோ சொன்னது. சுடப் போகும்போது அவள் கைபேசியைப் பெட்டியில் பூட்டிவிடுவாள். இன்னொரு தரம் அழைத்தார். நான் அவருடைய மேற்சட்டையை எடுத்து நீட்டினேன்.

பஸ்ஸில் அவர் கையிரண்டையும் முழங்காலில் கவிழ்த்து வைத்துக்கொண்டு இருந்தார். “கடைசி வரிசைதான் பிழைச்சிருக்கும். அவள் முன்னாலை இருந்துதான் எடுப்பாள்,” என்றார்.

“அப்ப நேரம் இருக்கு.”

அவர் எழும்பி இறங்குகிற பொத்தானை அழுத்தினார்.

இறங்கி வயல் வழியே நடக்க வேண்டும். காட்டுக்கரையிலிருந்து வெடிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் அந்தச் சத்தத்தை நோக்கி நான் நடந்தது அன்று ஒருநாள்தான். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய கால் நின்று, பிறகு எடுத்து வைத்தது. ஒருமுறை சத்தம் கொஞ்சம் கனமாகக் கேட்டது. அவர் என் கையைப் பிடித்தார். மறுபடி ஒரு வெடி கேட்டதும் விட்டார். அவர் பிடித்த இடம் அன்று இரவு நீலமாக இருந்தது. எவ்வளவு இறுக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கழகத்துக்கு உள்ளே எல்லோரும் காதை மூடியிருந்தார்கள். அவள் கடைசி மேசையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுடுகிறவரைப் பின்னால் போய்த் தொடக் கூடாது, அது அங்கே சட்டம். அவர் மகளைக் கூப்பிட்டார். அவருக்கிருந்த அந்த ஒரே குரலில்தான் கூப்பிட்டார். என் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவள் கையைத் தூக்கத் தொடங்கினாள். நான் அங்கே பொறுப்பாக நின்ற சுவிஸ்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, “ஸ்டொப்” என்றேன். முப்பது வருஷம் கந்தோர் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து, ஈரத் தரையில் கால் வைக்க வந்தவர்களை மறித்தவளுக்கு அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியும். அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. எல்லோரும் துவக்கை மேசையில் வைத்தார்கள்.

அவள் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு திரும்பினாள். “அப்பா? மாமி, நீங்கள் என்ன இஞ்சை?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த ரவைப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். முன் வரிசைகள் எல்லாம் வெறுங்குழி. கடைசி வரிசை மட்டும்தான் நின்றது, அதிலும் முதல் குழி வெறுமை.

“இதிலை நிண்டது எங்கை?”

“துவக்குக்குள்ளை. ஒவ்வொண்டாத்தானே போட்டுச் சுடுறன். ஏனப்பா?”

“வெளியிலை எடு.”

“ஏனெண்டு சொல்லுங்கோவன். எல்லாரும் பாக்கினம்.”

எல்லோரும் பார்த்தார்கள்தான். அந்தக் கழகத்தில் அவருடைய கைக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கும் செய்து தா என்று கேட்டுத் திரிந்த சுவிஸ்காரர்கள்தான் சுற்றி நின்றார்கள். அவர் எழும்பி, வலக்கையை விரித்து அவளுக்குக் காட்டினார்.

“என்ரை விரல் செத்துப்போச்சு பிள்ளை. எனக்கு ஒண்டும் தெரியிறதில்லை.”

பிறகு அதையே டொச்சில், எல்லோருக்கும் கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னார்.

அவள் குழாயை மண்மேட்டுப் பக்கம் பிடித்தபடியே ரவையை வெளியே எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் அதன் தலையைத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை என்று தலையை ஆட்டினார். பொறுப்பானவர் வந்து பெட்டியை எடுத்தார், மிச்சத்தைத் தாங்கள் பிரித்துவிடுகிறோம் என்றார். உள்ளங்கையில் இருந்ததை ஒருவரும் கேட்கவில்லை. அது மேற்சட்டைப் பைக்குள் போனதை நான் பார்த்தேன்.

மகள்தான் எங்களைக் காரில் கூட்டிவந்தாள். பாதி வழியில் கேட்டாள்.

“எப்ப இருந்து அப்பா?”

அவர் சீட் பெல்ட் விளிம்பில் விரலை ஓட்டினார்.

“எப்ப இருந்தெண்டு கேக்கிறன்.”

“அம்மா போன பிறகு.”

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் இருந்த தன் பத்து விரலையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு காரை எடுத்தாள்.

அழுத்தியைக் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கெல்லரில் அந்த முனகல் நின்றது. நான் அடிக்கடி சூப் கொண்டு மேலே போவேன். அவருடைய முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே இரண்டு மெழுகுதிரி, நடுவில் அந்த ரவை. மெழுகுதிரிகளை அதன் உயரத்துக்கு வெட்டியிருந்தார்.

“அதை ஏன் வைச்சிருக்கிறீர்? குடுத்துவிடும்.”

“இருக்கட்டும் அக்கா. ஒண்டுதானே.”

ஒருநாள் போனபோது மெழுகுதிரி மட்டும் நின்றது.

“எங்கை அது?”

“இருக்கு.”

“இருக்கெண்டா எங்கை?”

சூப்புக் கிண்ணத்தின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டு இருந்தார். அந்த மாரிக் குளிரில் நித்திரையிலேயே போய்விட்டார். சீனி இதயத்தையும் தின்றிருந்தது என்று டொக்டர் சொன்னார்.

வீட்டை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். மகளும் நானும் ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்தோம். தேயிலைத் தகரம், மருந்துப் போத்தல், சப்பாத்து, எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. தகரங்களைக் கொட்டிப் பார்த்தோம். மெத்தையின் தையலைப் பிரித்தோம். நிலப்பலகை ஒன்று கொஞ்சம் எழும்பி நின்றது, அதைக்கூட அவள் நெம்பிப் பார்த்தாள். அந்த ஒற்றை ரவை கிடைக்கவில்லை. கெல்லரிலும் இல்லை, தோட்டத்திலும் இல்லை. அவள் பொலிசிலும் சொன்னாள். அவர்களும் வந்து தேடிவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றும் எங்கே போனது என்று எனக்குத் தெரியும் என்ற மனிதர் அவர். இதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

இப்போது மேல்வீட்டில் ஒரு எரித்திரியக் குடும்பம். பெண்பிள்ளைகள் மூன்று. பகலெல்லாம் என் தலைக்கு மேலே ஓடுகிற சத்தம் கேட்கும். வீட்டுக்குள் எங்கேயோ ஒரு ரவை கிடக்கலாம் என்று தாய்க்கு எனக்குத் தெரிந்த டொச்சில் சொன்னேன். என்ன விளங்கிச்சோ, தலையை ஆட்டினாள். படியில் அந்தப் பிள்ளைகள் கையைப் பொத்திக்கொண்டு போவதைக் கண்டால், நான் மறித்து விரித்துக் காட்டச் சொல்லுவேன். கூழாங்கல் இருக்கும், பொத்தான் இருக்கும், கஷ்கொட்டை இருக்கும். பெரியவளும் நடுவிலாளும் காட்டுவார்கள். சின்னவள் மட்டும் காட்ட மாட்டாள். பொத்தின கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி மேலே ஓடிவிடுவாள்.